‘மாற்றியாயிற்று’ என்னும் பொய்

பழைய வழங்கியிலிருந்து புதிய வழங்கிக்குக் குடிபெயரும் எந்த அலுவலகத்திலும், எந்தக் கல்லூரியிலும், வேலையின் இறுதியில் ஒரு சொல் ஒலிக்கும்: ‘மாற்றியாயிற்று’. அதைச் சொல்பவர் ஒப்பந்தக்காரராக இருக்கலாம். கணினி ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கலாம். சேலத்திலிருந்து பேருந்தேறி வந்த பயிற்சி இளைஞராகவும் இருக்கலாம். சொல்லில் மாற்றமில்லை. கேட்பவரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. மின்விசிறி சுழல்கிறது, திரையில் பச்சை எழுத்துகள் ஓடுகின்றன, இணையம் வருகிறது. பட்டியலில் கையொப்பம் விழுகிறது. அந்தச் சொல் பெரும்பாலான இடங்களில் பொய் என்பதே இக்கட்டுரையின் கட்சி. சொல்பவர் அறிந்தே பொய் சொல்கிறார் என்று நான் கூறவில்லை. பொய்யென்று அறியும் வாய்ப்பே இல்லாத முறையில் அவர் வேலை செய்யப் பழக்கப்பட்டிருக்கிறார். அது இன்னும் மோசம்.

கதையும் கவிதையும் பேசும் இடத்தில் வழங்கிக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு விடை உண்டு. இது மொழிபெயர்ப்பைப் பற்றிய கட்டுரை. ஒரு மொழியில் எழுதப்பட்ட கட்டளைகளை வேறொரு மொழிக்குக் கொண்டுபோகும் தொழிலைப் பற்றியது. மூலத்தை ஒருமுறை கூட முழுதாகப் படிக்காமல் செய்யப்பட்ட மொழிபெயர்ப்புகளை நாம் இங்கே எத்தனை முறை கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறோம்! அந்தக் கோபத்தில் கால்பங்கை இந்தப் பக்கமும் திருப்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் மூலத்தைப் பார்ப்போம். யூனிக்ஸ் குடும்பத்து இயங்குதளங்களில் ‘ஐநெட்டி’ என்றொரு காவல்காரன் இருந்தான். 1986-இல் வந்த 4.3 பிஎஸ்டி காலத்தவன். வலையமைப்புச் சேவைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே விழித்திருந்து நினைவகத்தைத் தின்னாமல், இவன் ஒருவனே எல்லாக் கதவுகளிலும் காது வைத்திருப்பான்; யார் வந்து எந்தக் கதவைத் தட்டுகிறார்களோ அதற்குரிய நிரலை எழுப்பி அனுப்புவான். அவனுக்கான கட்டளைகள் ஒரே கோப்பில், சேவைக்கு ஒரு வரியாக இருந்தன: சேவையின் பெயர், வழியின் வகை, நெறிமுறை, காத்திருக்க வேண்டுமா வேண்டாமா, எந்தப் பயனரின் பெயரால் இயங்க வேண்டும், எந்த நிரல். ஒரு சேவையை நிறுத்த வேண்டுமா? வரியின் தலையில் ஒரு ஹாஷ் குறி போட்டால் போதும். பின்னர் வந்த ‘எக்ஸ்ஐநெட்டி’ இதையே சேவைக்கொரு கோப்பாக விரித்தது. எந்த முகவரிகளிலிருந்து மட்டும் வரலாம், எந்த நேரத்துக்குள் வரலாம், ஒரே சமயத்தில் எத்தனை பேர் வரலாம் என்றெல்லாம் எழுத இடம் கொடுத்தது.

இக்கோப்புகளில் கட்டளைகளைவிடக் குறிப்புரைகள்தாம் உயிர் என்பதை அவற்றோடு பழகியவர்கள் அறிவார்கள். ஹாஷ் குறியிட்டு நிறுத்திய வரிக்கு மேலே, ஏன் நிறுத்தினேன் என்று ஒருவர் எழுதியிருப்பார். பக்கத்தில் ஒரு தேதி. அதற்குக் கீழே வேறொரு கை, ‘தேர்வு முடியும்வரை திறந்திருக்கட்டும்’ என்று எழுதியிருக்கும். கணக்குப்பிள்ளையின் பேரேட்டு ஓரங்களைப் போன்றது அது. இயந்திரம் அதைப் படிப்பதில்லை. அடுத்து வரும் மனிதனுக்காக எழுதப்பட்டது.

இனி மாற்றும் கருவிகளின் கதை. 2005-இல் வெளியான சோலாரிஸ் 10, பழைய ஒற்றைக் கோப்பை ஓரங்கட்டிவிட்டு, சேவைகள் அனைத்தையும் ‘எஸ்எம்எஃப்’ என்னும் மேலாண்மை அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தது. பழைய வரிகளைப் புதிய எக்ஸ்எம்எல் ஆவணங்களாக்க ‘ஐநெட்கன்வ்’ என்ற கருவியையும் தந்தது. அது உயிருள்ள வரிகளை மட்டுமே பெயர்க்கும். ஹாஷ் குறியிட்ட வரிகள் அதன் கண்ணில் படா, குறிப்புரைகளும் படா. பழைய கோப்பு அதே இடத்தில் இருக்கும். ஆனாலும் சோலாரிசைச் செய்தவர்களிடம் ஒரு நேர்மை இருந்தது. மாற்றத்துக்குப் பின் யாராவது பழக்க தோஷத்தில் அந்தப் பழைய கோப்பைத் திருத்தினால், ‘இக்கோப்பு திருத்தப்பட்டிருக்கிறது, மாற்றும் கருவியை மீண்டும் ஓட்டாமல் இது நடைமுறைக்கு வராது’ என்னும் பொருளில் காவல்காரன் எச்சரிப்பான். செத்த ஆவணத்தைச் செத்தது என்று சொல்லிவிடுகிற மரியாதை அது.

லினக்ஸ் உலகில் அந்த மரியாதை எல்லா இடத்திலும் கிட்டவில்லை. 1990-இல், ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக் கணினிகளுக்குள் புகுந்து அட்டூழியம் செய்த ஒருவனைக் கண்காணிப்பதற்காக வீட்சே வெனிமா ‘டிசிபி ராப்பர்ஸ்’ என்ற சிறு கருவியை எழுதினார். ‘ஹோஸ்ட்ஸ் அல்லோ’, ‘ஹோஸ்ட்ஸ் டினை’ என இரண்டு கோப்புகள். முதலாவதில் அனுமதிக்கப்பட்டோர், இரண்டாவதில் விலக்கப்பட்டோர். இருபதாண்டுகளுக்கு மேல் உலகெங்கும் வழங்கிகளின் வாசற்படி இதுதான். பிறகு ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். சிஸ்டம்டி 2014-இல் கைவிட்டது. அதே ஆண்டு ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 6.7 கைவிட்டது. 2019-இல் வந்த ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8 அந்தப் பொதியையே நீக்கிவிட்டது. கைவிட்டதற்கு நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அந்த இரண்டு கோப்புகளுக்கு நேர்ந்த கதியைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். பழைய வழங்கியின் அமைவுக் கோப்புகளை அப்படியே புதியதில் படியெடுத்து வைப்பவர் இவ்விரண்டையும் சேர்த்தே வைப்பார். அவை அங்கே இருக்கும். திறந்து பார்த்தால் ‘எல்லோரையும் விலக்கு’ என்று எழுதியிருக்கும். அதைப் படிக்க எவருமில்லை. எச்சரிக்கையும் இல்லை.

ஒரு கல்லூரியை எண்ணிப் பாருங்கள். சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அத்தகைய கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நூலக வழங்கிக்கும் மதிப்பெண் வழங்கிக்கும் உள்ளே நுழைய அலுவலக அறையின் மூன்று கணினிகளுக்கு மட்டும் அனுமதி என்று பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் அந்த இரண்டு கோப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். கோடை விடுமுறையில் வழங்கி மாறுகிறது. ஜூன் மாதம் மாணவர் விடுதி திறக்கிறது. விடுதியின் எந்த அறையிலிருந்தும் மதிப்பெண் வழங்கியின் கதவைத் தட்டலாம். கடவுச்சொல் ஒன்றுதான் குறுக்கே நிற்கும். அந்தக் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசாதிருப்பதே நல்லது. ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேட்டால் கோப்பைத் திறந்து காட்டுவார். விதி இருக்கிறதே என்பார். அவர் சொல்வது உண்மை. விதி இருக்கிறது.

தீச்சுவரின் கதை இன்னும் வேடிக்கை. 2014 ஜனவரியில் வந்த லினக்ஸ் 3.13 கருநிரலில் ‘என்எஃப்டேபிள்ஸ்’ சேர்ந்தது; பழைய ‘ஐபிடேபிள்ஸ்’ விதிகளைப் புதிய மொழிக்குப் பெயர்க்கும் கருவிகளும் பின்னர் வந்தன. அவற்றால் பெயர்க்க முடியாத விதி ஒன்று குறுக்கிட்டால் என்ன செய்யும் தெரியுமா? அந்த விதியை ஹாஷ் குறிக்குப் பின்னால், மூலத்தில் இருந்தபடியே எழுதிவிட்டு மேலே நகரும். கருவியின் மேல் குற்றமில்லை. எனக்கு இது தெரியவில்லை, நீ பார்த்துக்கொள் என்று ஒரு மனிதனுக்கு விட்டுச்செல்கிறது. ஆனால் நம்மவர் அந்த வெளியீட்டைப் படிக்காமல் நேரே கருநிரலுக்குள் ஏற்றிவிடுகிறார். ஹாஷ் குறியிட்ட வரியைக் கருநிரல் தொடாது. பிழைச் செய்தி எதுவும் வராது. நாற்பது விதிகள் போக வேண்டிய இடத்துக்கு முப்பத்தேழு போயிருக்கும். எந்த மூன்று நின்றுவிட்டன என்று கேட்பார் இல்லை.

பெயர் மாறுவது இன்னொரு வகை. 2013 முதல் சிஸ்டம்டி வலையமைப்பு அட்டைகளுக்கு அவை பொருத்தப்பட்ட இடத்தைக் கொண்டு பெயரிடத் தொடங்கியது. பழைய வழங்கியில் ‘ஈத் 0’ என்றிருந்தது புதியதில் வேறு பெயரோடு எழும். ‘ஈத் 0 வழியே வருவதைத் தடு’ என்னும் விதி பிழையின்றிப் பெயர்க்கப்பட்டு, பிழையின்றி ஏற்றப்பட்டு, எந்தக் காலத்திலும் எதன்மேலும் பொருந்தாமல் சும்மா இருக்கும். ஊரில் இல்லாதவன் பெயருக்கு எழுதிய கடிதம்போல.

இந்தக் கூத்து நமக்குப் புதிதன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு துண்டு நிலமாவது உள்ள குடும்பத்தில் பிறந்த எவரிடமும் ‘யு.டி.ஆர்.’ என்ற மூன்றெழுத்தைச் சொல்லிப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை தமிழகமெங்கும் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் அது. ஒரு தலைமுறைக்கு முந்தைய பதிவேடுகளைப் புதிய பதிவேடுகளாக மாற்றிய மாபெரும் பெயர்ப்பு வேலை. ஏக்கர்-சென்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர்ஸ் கணக்காயிற்று. ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை 50.59 ஏர்ஸ் ஆயிற்று. கிழவருக்கு அது தம் நிலந்தானா என்றே ஐயம். புல எண்கள் மாறின, உட்பிரிவுகள் மாறின. திட்டம் தேவையானதே, பழைய பதிவேடுகள் உண்மை நிலவரத்தை விட்டு வெகுதூரம் விலகியிருந்தன. நடந்தது என்ன? அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் பெயர் விடுபட்டது. பட்டா நிலம் சில இடங்களில் புறம்போக்காக எழுதப்பட்டது. வரப்புக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கத்து எண்ணில் சேர்ந்தது. விற்கவோ அடமானம் வைக்கவோ போகும்வரை எவருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது பழைய கிரயப் பத்திரத்தையும் எஸ்.எல்.ஆர். நகலையும் தூக்கிக்கொண்டு மாவட்ட வருவாய் அலுவலரிடம் ‘யு.டி.ஆர். பிழைத் திருத்தம்’ என்று மனு எழுத வேண்டியதாயிற்று. 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமானபின், எந்தக் காகிதம் எந்த அலுவலகத்தில் என்ற அலைச்சலும் சேர்ந்துகொண்டது.

பின்னர் ‘தமிழ்நிலம்’ மென்பொருள் வந்தது. இன்று பட்டாவையும் அ-பதிவேட்டையும் வீட்டிலிருந்தே எடுக்கலாம், வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் யு.டி.ஆர். காலத்துப் பிழைகளில் திருத்தப்படாதவை எல்லாம் அப்படியே உள்ளே ஏறி, விரைவுக் குறியீட்டுக் கட்டத்தோடு அழகாக அச்சாகி வெளிவருகின்றன. கையெழுத்துப் பதிவேட்டில் இருந்தபோது அடித்தலும் திருத்தலும் பார்த்து ஐயப்படவாவது இடமிருந்தது.

இவ்வளவு பட்ட ஊர்க்காரர்களாகிய நாம், கணினி என்று வந்ததும் அதையே திரும்பச் செய்கிறோம். என் கோபமெல்லாம் இதில்தான். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாராமகாலும் கும்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலமளந்து வரி விதிக்கப் புகுந்தார்கள். அவர்கள் விதித்த வரியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஊர் ஊராகப் போய் வயலில் நின்று குடியானவனைக் கேட்டு எழுதினார்கள். இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, இரண்டு வழங்கிகளுக்கு நடுவே மூன்றடித் தூரத்தில் உட்கார்ந்திருக்கும் நமக்கு, ஒரு வரியைப் பார்த்து ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கச் சோம்பல்.

எதிர்க்கட்சியின் வாதங்களை நான் அறிவேன். ‘வேலை செய்கிறதே, அப்புறம் என்ன?’ என்பது முதல் வாதம். வேலை செய்வது எது என்று கேட்கிறேன். திறந்திருக்க வேண்டிய கதவு திறந்திருந்தால் உடனே தெரியும்; மூடியிருக்க வேண்டிய கதவு திறந்துகிடந்தால் திருட்டுப் போகும்வரை தெரியாது. பயனர்கள் புகார் சொல்வது கிடைக்காத சேவையைப் பற்றித்தான். கிடைக்கக் கூடாதது கிடைக்கிறது என்று எந்த விடுதி மாணவன் வந்து புகார் கொடுப்பான்? ஆகவே ‘புகார் இல்லை’ என்பது சோதனை ஆகாது. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரரிடம் கேளுங்கள். பழைய அடிச்சட்டத்திலிருந்து பாடியைக் கழற்றிப் புதியதில் ஏற்றும்போது, எந்தத் துளை எந்தப் போல்ட்டுக்கு என்று பார்த்தே முடுக்குவார். ஓடுகிறதே என்று இரண்டு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை அனுப்ப மாட்டார்.

இரண்டாவது வாதம் நேரமும் கூலியும். இதில் உண்மை உண்டு. ஒப்பந்தம் கேட்கும்போது வழங்கிக்கு இவ்வளவு, மாற்றுவதற்கு இவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். பழைய கோப்பைப் படிப்பதற்கு என்று ஒரு பத்தி எந்த விலைப்புள்ளியிலும் இல்லை. படிப்பதற்குக் கூலி இல்லாத தொழிலில் படிக்கத் தெரிந்தவன் தங்க மாட்டான். ஆனால் இந்தக் குறையைச் சொல்லிக்கொண்டே ‘மாற்றியாயிற்று’ என்று எழுதிக் கொடுப்பதில் நியாயமில்லை. ‘பெயர்த்தேன், சரிபார்க்கவில்லை’ என்று எழுதட்டுமே! கையொப்பமிடுகிறவர் ஒரு நிமிடம் நின்று யோசிப்பார்.

மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு. அவர்களை விட்டுவிட்டால் பழைமையின் பக்கம் நிற்கிறேன் என்ற பெயர் எனக்கு வரும். ‘ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்த வேண்டும்?’ என்று மாற்றவே மறுக்கிறவர்கள் இவர்கள். படிக்கட்டுக்குக் கீழே பூட்டிய அறையில் சென்ட்ஓஎஸ் 6 ஓடிக்கொண்டிருக்கும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30. முகவரி வழங்கும் பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபி மென்பொருளின் பராமரிப்பை 2022-இல் அதைச் செய்தவர்களே முடித்துக்கொண்டார்கள். பூட்டு துருப்பிடித்துவிட்டது என்று தெரிந்தும் பழகிய பூட்டு என்று தொங்கவிடுவது விவேகம் ஆகாது. பிழையோடு மாற்றுகிறவரும் மாற்றாமலே இருக்கிறவரும் ஒரே இடத்தில் வந்து சேர்கிறார்கள்: பழைய கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது. ஒருவர் தெரியாததால் துணிகிறார், மற்றவர் தெரியாததால் அஞ்சுகிறார்.

அந்த ஐஎஸ்சி நிறுவனம் தன் பழைய டிஹெச்சிபி-யிலிருந்து புதிய ‘கேயா’வுக்கு மாற ‘கியாமா’ என்றொரு கருவி தந்திருக்கிறது. பழைய அமைவுக் கோப்பைப் படித்து ஜேசன் வடிவில் எழுதும்; தனக்கு வழி தெரியாத இடங்களில் தன் குறிப்பைப் பதித்து, இதை மனிதர் பார்க்க வேண்டும் என்று காட்டும். அந்த வெளியீட்டை முடிந்த வேலை என்று எவரும் அங்கே சொல்லவில்லை, வரைவு அது. கருவி தன் எல்லையைத் தானே சொல்லும்போது, அதை ஓட்டும் மனிதர் அதற்கும் மேலே ஒரு படி ஏறி ‘எல்லாம் முடிந்தது’ என்கிறார்.

செய்ய வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். பழைய கோப்பின் ஒவ்வொரு வரிக்கும், ஹாஷ் குறியிட்ட வரிகளுக்கும் சேர்த்து, இதன் நோக்கம் இன்னது என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறேன். எழுத முடியாத வரிகளே ஆபத்தான வரிகள். அவற்றை எழுதியவர் ஓய்வுபெற்று இராசிபுரத்திலோ ஆத்தூரிலோ இருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். நோக்கம் தெரிந்தபின் புதிய அமைப்பில் அதற்குரிய சொல்லைத் தேடுவது கடினமன்று. எக்ஸ்ஐநெட்டியில் ‘இந்த முகவரிகள் மட்டும்’ என்றிருந்ததற்கு சிஸ்டம்டியில் 2017 முதல், 235-ஆம் பதிப்பிலிருந்து, முகவரி அனுமதி வரிகள் உண்டு. ‘காலை எட்டு முதல் மாலை ஆறு வரை’ என்றிருந்ததற்கு நேரான வரி கிடையாது. திறக்க ஒரு கடிகார அலகு, மூட ஒரு கடிகார அலகு என்று இரண்டு எழுத வேண்டும். எந்தத் தானியங்கிக் கருவியும் இதை உங்களுக்காகச் செய்யாது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு இங்கே தோற்கிறது. பொருளறிந்தவனே பெயர்க்க முடியும்.

அந்த வாக்கியங்களைத் தமிழில் எழுதுங்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் நம் பொறியாளர்களில் பாதிப்பேர் எதையுமே எழுதுவதில்லை. எழுதுகிறவரும் ‘மாற்றப்பட்டது’ என்பதன் ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறார். தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கத்தில் கிடந்து, இன்று எழுதியது நாளை பூச்சியாகத் தெரிந்த காலம் போய்விட்டது. தமிழக அரசே 2010-இல் ஒருங்குறிக்கு வந்துவிட்டது. சிஸ்டம்டியின் அலகுக் கோப்பில் குறிப்புரையைத் தமிழில் எழுதினால் எந்த இயந்திரமும் முகம் சுளிக்காது. 2012 முதல் ‘கணியம்’ போன்ற இதழ்கள் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் விளக்கி எழுதிவருகின்றன, சொற்கள் இருக்கின்றன. ஆய்வகத்துக்கு அடுத்து வரப்போகிற பையன் எடப்பாடியிலிருந்தோ பரமத்தியிலிருந்தோ தமிழ் வழியில் படித்து வருகிறான். அவனுக்குப் புரிகிற மொழியில் காரணம் எழுதிவைப்பதில் யாருக்கு என்ன இழுக்கு?

பழைய கோப்புகளை அழிக்காதீர்கள். ஆனால் அவை இருந்த இடத்தில் விட்டும் வைக்காதீர்கள். வேறு அடைவுக்கு நகர்த்தி, நடைமுறையில் இல்லாதவை என்று தலையில் எழுதி, தேதி போடுங்கள். பிறகு, பட்டியலில் கையொப்பமிடும் முன்பு, விடுதியிலுள்ள ஏதேனும் ஒரு கணினியிலிருந்து மதிப்பெண் வழங்கியின் கதவைத் தட்டிப் பாருங்கள். அதற்கு ஒரு நிமிடம் ஆகும்.